பீரங்கிக்கு முதுகு காட்டியவர்

மேவிஸ் ஷெர்வுட் தன் கணவரின் காலுறையை மேசைக்கு மேலே தலைகீழாகப் பிடித்து உதறினார். மூன்று பொருள்கள் விழுந்தன. ஒரு கல்யாண மோதிரம். ஒரு கைக்கடிகாரம். காதுக்கு வைக்கிற மெஷின் ஒன்று.

டொலோரிஸ் பூஜேயா மூன்றையும் தொடாமல் பார்த்தார். வலெட்டா துறைமுகச் சுங்கத்தில் முப்பத்தொரு வருஷம் மற்றவர்களின் பெட்டிகளைத் திறந்து பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். கை சும்மா இருக்காது என்பதால் இப்போது மற்றவர்களின் பிரச்சினைகளைத் திறந்து பார்க்கிறார். பொத்தான் கடைக்கு மேல் மாடியில் அலுவலகம். வாசலில் பலகை கிடையாது. தேவைப்படுகிறவர்கள் எப்படியோ வந்துவிடுகிறார்கள்.

"துவைச்ச காலுறை. நல்ல மனுஷன்," என்றான் வென்சு.

வென்சு அவருடைய உதவியாளன். முன்பு சுற்றுலா வழிகாட்டி. ஒரு பேருந்து நிறைய வந்த டச்சுக்காரர்களிடம், கோட்டைச் சுவரில் இருக்கிற குண்டு ஓட்டைகள் எல்லாம் ஒரு பெரிய வகை எலி போட்டவை என்று நாற்பது நிமிஷம் விளக்கினான். அவர்கள் எலியைப் படமெடுக்கக் காத்திருந்து விமானத்தைத் தவறவிட்டார்கள். அவன் உரிமத்தை அரசாங்கம் திரும்ப வாங்கிக்கொண்டது.

"முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றார் டொலோரிஸ்.

மேவிஸுக்கு எழுபது வயது. கைப்பையை மடியில் வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "நாங்க மெல்போர்ன்லேர்ந்து வந்திருக்கோம். அதோ நிக்குதே வெள்ளைக் கப்பல், அதுல. எங்க வீட்டுக்காரர் பெர்ட் பதினோரு மணிக்கு இறங்கினார். மத்தியானப் பீரங்கி வெடிக்கறதைப் பார்த்துட்டு ஒரு மணிக்குச் சாப்பிட வந்துடறேன்னார். வரல. என் கண்ணாடியைத் தேடறப்ப அவர் அலமாரியில இது கிடைச்சுது. கப்பல் அஞ்சு மணிக்குக் கிளம்புது. கப்பல் அதிகாரிகிட்ட சொன்னேன். ஒரு படிவம் குடுத்தார்."

"மத்த ஊர்ல எல்லாம் இறங்கினாரா?"

"ஒரு ஊர்லயும் இறங்கல. பார்சிலோனா, மார்சேய், நேப்பிள்ஸ் எல்லாத்துலயும் மேல்தளத்துல உட்கார்ந்து குறுக்கெழுத்துதான். இந்தப் பயணமே அவருக்குத் தெரியாம நான் ஏற்பாடு பண்ணினது, எழுபத்திரண்டாவது பிறந்தநாளுக்கு. ஊர்ப் பட்டியலைக் காட்டினேன். வலெட்டான்னு படிச்சதும் எழுந்து போய்த் தோட்டத்துக்குத் தண்ணி விட்டார்."

"அதுல என்ன?"

"மழை பெய்ஞ்சுட்டு இருந்துச்சு."

வென்சு சிரிக்க வாயெடுத்தான். டொலோரிஸ் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

"எந்த ஊர்ல பொறந்தவர்?"

"ஜிப்ரால்டர். அனாதை இல்லத்துல வளர்ந்தவர். சொந்தம்னு யாரும் கிடையாது. எங்களுக்குக் கல்யாணம் ஆகி நாற்பத்தாறு வருஷம். நான் நேராவே கேக்கறேன், நேராவே பதில் சொல்லுங்க. வேற பொம்பளைகிட்டப் போயிட்டாரா?"

"எழுபத்திரண்டு வயசுல, காது மெஷினைக் கழட்டி வச்சுட்டா?" என்றான் வென்சு. "அந்தக் குடும்பத்துல சண்டையே வராது."

மேவிஸ் அவனைக் கண்டுகொள்ளவில்லை. குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியது. "அப்ப சாகப் போயிருக்காரா?"

டொலோரிஸ் பேனா முனையால் கடிகாரத்தை நகர்த்தினார். "தண்ணியில இறங்கறவன்தான் கடிகாரத்தையும் மெஷினையும் கழட்டி வைப்பான். ஆனா சாகப் போறவன், கடிகாரம் நனையுமேன்னு கவலைப்பட மாட்டான். கரையில, கப்பல் தெரியற மாதிரி ஒரு பெஞ்சு இருக்கு. அதுல உட்காருங்க. போனைக் கையிலயே வச்சிருங்க. அவர் போட்டோ ஒண்ணு இவனுக்கு அனுப்புங்க."

படி இறங்கும்போது வென்சு கேட்டான்.

"சின்யூரா, கடிகாரம், மெஷின் சரி. மோதிரம் நனைஞ்சா என்ன கெட்டுப்போகும்?"

"ஒண்ணும் கெடாது."

"அப்ப?"

"அதான் எனக்கும் இடிக்குது. அந்தம்மாகிட்ட சொல்லல."

*

தேவாலயக் கோபுரத்தில் இரண்டு கடிகாரங்கள். சாத்தானைக் குழப்புவதற்காக வரைந்து வைத்த கடிகாரம் பத்தே கால் காட்டியது. மனிதர்களுக்கான கடிகாரம் இரண்டு காட்டியது.

"பத்தே கால்னு வச்சுக்கலாமா? நிறைய டைம் இருக்கு," என்றான் வென்சு.

"நட."

மேல் பராக்கா தோட்டத்தில் வளைவுகளுக்குக் கீழே கூட்டம். எல்லோரும் துறைமுகத்தைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேரில் பார்ப்பதற்கு யாருக்கும் நேரம் இல்லை. கைப்பிடிச் சுவருக்குக் கீழே பீரங்கி வரிசை. பன்னிரண்டு மணி வெடி முடிந்து, நான்கு மணி வெடிக்காக ஒரு வீரர் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தோட்டத்துக் கடையில் ஜோர்ஜீனா. பருத்த உடம்பு, சிறிய கண்கள். அந்தக் கண்களுக்கு எதுவும் தப்பாது. வென்சு போட்டோவைக் காட்டியதுமே தலையாட்டினாள்.

"இந்த ஆளா? வந்தார். மனசுல நின்னுட்டார்."

"ஏன்?"

"சுற்றுலாக்காரங்க வந்தா பஸ்திட்சிப் பலகாரத்தைக் காட்டி, உள்ள என்ன இருக்குன்னு கேப்பாங்க. கேக்காத ஆளை நான் பார்த்ததே இல்ல. இவர் கேக்கல. தட்டுல ரெண்டு வகையும் கலந்து கிடந்துச்சு. பாலாடைக்கட்டி வச்சதை மட்டும் தேடித்தேடி எடுத்தார், பட்டாணி ஒண்ணைக்கூடத் தொடல. வடிவத்தைப் பார்த்தே தெரிஞ்சிருக்கு. அப்புறம் டீ கேட்டார். கோப்பையில ஊத்தினேன். கண்ணாடி டம்ளர்ல வேணும்னார்."

"எந்த பாஷையில?"

"இங்கிலீஷ்தான். தொப்பி, அரைக்கால் சட்டை, எல்லாம் ஒழுங்கா வெள்ளைக்காரன் மாதிரி."

"பீரங்கி வெடிச்சப்ப எங்க நின்னார்?" என்றார் டொலோரிஸ்.

"அதைச் சொல்ல மறந்துட்டேனே! அத்தனை பேரும் கீழ பீரங்கியைப் பார்த்துட்டு போனைத் தூக்கிட்டு நிக்கறாங்க. வெடிச்சதும் அம்மாடின்னு எல்லாரும் ஒரு குதி குதிக்கறாங்க. இவர் மட்டும் பீரங்கிக்கு முதுகைக் காட்டிட்டு இங்க நின்னார். குதிக்கல. கையைத் தூக்கி மணிக்கட்டைப் பார்த்தார். கடிகாரமே இல்ல! வெறுங்கையைப் பார்த்துட்டுக் கையைக் கீழ விட்டார்."

டொலோரிஸ் ஜோர்ஜீனாவைத் தாண்டி, துறைமுகத்தின் எதிர்க்கரையைப் பார்த்தார்.

"பாவம், மறதி போல," என்றான் வென்சு.

"பீரங்கி சத்தம் கேட்டதும் கடிகாரத்தைச் சரி பண்றது யாரு?"

வென்சு யோசித்தான். "எங்க அப்பா."

"உங்க அப்பாவும், எங்க அப்பாவும், இந்தத் துறைமுகத்துல பொறந்த எல்லா அப்பாவும். காது மெஷின் இல்லாம அவருக்கு நாம பேசறது கேக்காது. பீரங்கி கேக்கும். கேட்டதும் கை தானா மேல போயிருக்கு. வென்சு, அந்தாள் ஜிப்ரால்டர்காரர் இல்ல. நம்ம ஊர்க்காரர்."

"பேரு ஷெர்வுட்டுன்னு இருக்கே."

"நம்ம ஊர் ஷ்வேரெப்புங்கற பேரோட மெல்போர்ன்ல போய் இறங்கினா, அங்க எத்தனை நாள் அது ஷ்வேரெப்பாவே இருக்கும்? சுங்கத்துல நான் பார்க்காத பாஸ்போர்ட்டா?" அவர் ஜோர்ஜீனாவிடம் திரும்பினார். "டீ குடிச்சுட்டு எந்தப் பக்கம் போனார்?"

"படகுத்துறைக்கு இறங்கற பாதையில. மேப்பும் பார்க்கல, வழியும் கேக்கல."

"மேப்பு பார்க்காம போற சுற்றுலாக்காரன்," என்றான் வென்சு. "நான் வேலையில இருந்தப்ப இப்படி ஒருத்தர் மாட்டியிருந்தா என் உரிமமே போயிருக்காது."

*

நேனு தன் தைசா படகில் கால் நீட்டிப் படுத்திருந்தான். ஐம்பது வயது, வெயிலில் வெந்த முகம். டொலோரிஸ் ஏறியதும் எழுந்து உட்கார்ந்தான். சுங்கக்காரம்மா வேலையை விட்டு ஆறு வருஷமானாலும் படகுக்காரர்கள் அவர் முன்னால் படுத்திருப்பதில்லை.

"இந்த ஆளை ஏத்தினியா?"

நேனு போட்டோவைப் பார்த்தான். "பன்னிரண்டரைக்கு. அம்மா, நான் எதுவும் கடத்தல."

"கடத்தினேன்னு யார் சொன்னா? எதிர்க்கரை இஸ்லாவுக்கா போனார்?"

"ஆமா."

"எங்களையும் அங்க விடு. போயிட்டே சொல்லு."

படகு நகர்ந்தது. நேனு நின்றபடி முன்பக்கம் பார்த்துத் துடுப்புப் போட்டான். வெள்ளைக் கப்பல் அவர்களுக்குப் பின்னால் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு மாதிரி நின்றது. அதற்கு எதிரே பெஞ்சில் ஒரு சிறிய நீலப் புள்ளி. மேவிஸ் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஏறறப்பவே ஒரு மாதிரியா இருந்துச்சு," என்றான் நேனு. "வெள்ளைக்காரங்க ஏறினா ஓரத்துல கால் வைப்பாங்க, படகு சாயும், கத்துவாங்க, நான் கையைப் பிடிப்பேன். இவர் நடுவுல கால் வச்சு நேரா உட்கார்ந்தார். பாதி தூரம் போனதும் எழுந்து, துடுப்பைக் கேட்டுக் கையை நீட்டினார்."

"குடுத்தியா?"

"வயசானவர், கேட்டா குடுக்காம? நின்னுட்டே போட்டார் பாருங்க, வெண்ணெய்ல கத்தி போற மாதிரி. நான் இருபத்தெட்டு வருஷமா போடறேன். எனக்கே வெக்கமா போச்சு."

டொலோரிஸ் தொடையில் தட்டினார். "மோதிரம்! துடுப்புப் பிடிக்கறப்ப மோதிரம் விரலை அறுக்கும். அதான் கழட்டி வச்சிருக்கார்."

"அப்பாடா," என்றான் வென்சு. "படகு ஓட்ட வந்தவர்தான். சாக வரல."

"அப்புறம் அந்த மஞ்சள் மிதவைகிட்ட நிறுத்தினார்," என்றான் நேனு.

அவன் காட்டிய இடத்தில் தண்ணீர் கறுப்பாக, ஆழமாகக் கிடந்தது.

"நிறுத்தி?"

"தொப்பியைக் கழட்டினார். ஒண்ணும் பேசல. ரொம்ப நேரம் நின்னார். நான்தான் ஏதாவது பேசணுமேன்னு, 'சார் கோட்டையெல்லாம் பார்த்தீங்களா'ன்னு இங்கிலீஷ்ல கேட்டேன். காதுல விழல. அப்புறம் அவராவே என்னைப் பார்த்துக் கேட்டார், கடல்ல போனவங்க பேரு எழுதின சிற்றாலயம் இன்னும் இருக்கான்னு. நம்ம பாஷையில! அதுவும் எங்க தாத்தா பேசற மாதிரி, இப்ப யாரும் சொல்லாத வார்த்தையெல்லாம் போட்டு. எனக்குப் புல்லரிச்சுடுச்சு."

"அப்புறம்?"

"இருக்குன்னு தலையாட்டினேன். அங்க விட்டேன். திரும்பி வரல."

வென்சு ஒரு ஜோக்கும் அடிக்காமல் மிதவையைப் பார்த்தான். அவனைப் பொறுத்தவரை அது ஒரு சாதனை.

"சின்யூரா, இந்த மிதவைகிட்டத் தொப்பியைக் கழட்டறார்னா…"

"இங்க யாரோ செத்திருக்காங்க. அவர் கண்ணு முன்னாடி."

"இல்லேன்னா அவர் கையால," என்றான் வென்சு.

டொலோரிஸ் அதை மறுக்கவில்லை. "இந்த ஊரை விட்டுப் போய், பேரை மாத்தி, பொறந்த ஊரை மாத்தி, கட்டின பெண்டாட்டிகிட்டக்கூட வாயைத் திறக்காம நாற்பத்தாறு வருஷம். துடுப்புப் போட ஆசைப்பட்டு ஒருத்தன் இவ்வளவு மறைக்க மாட்டான். வேகமா போடு, நேனு."

*

இஸ்லாவின் கரை ஓரத்தில் சிற்றாலயம். பத்துப் பேர் நின்றால் நிரம்பிவிடும். உள்ளே சுவர் முழுக்கச் சின்னச் சின்னப் பளிங்குக் கற்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், இரண்டு வருஷம். நடுவில் ஒரே ஒரு பெஞ்சு.

பெஞ்சின் மேல் ஒரு வெள்ளைத் தொப்பி. உள்பட்டையில் மெல்போர்ன் கடை ஒன்றின் பெயர்.

வென்சு அதை எடுத்தான். குரலில் இப்போது விளையாட்டு இல்லை. "தொப்பி இங்க. ஆள் இல்ல. வாசல்லேர்ந்து பத்தடியில கடல்."

"சுவரைப் பார். அவர் யாரைத் தேடி வந்தாரோ அந்தப் பேரு இதுல இருக்கும். சாகறப்ப சின்ன வயசா இருக்கணும். வருஷம் அறுபதுலேர்ந்து எழுபதுக்குள்ள. நீ இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம்."

இருவரும் படித்தார்கள். மீனவர்கள், மாலுமிகள், போரில் போனவர்கள், ஒரு பாதிரியார். டொலோரிஸ் தன் சுவரைப் பாதி முடித்திருந்தபோது பின்னால் வென்சு கூப்பிட்டான்.

"சின்யூரா."

"கிடைச்சுதா?"

"நம்ம ஆள் உயிரோட இருக்காரா இல்லையான்னுதானே தேடிட்டு இருக்கோம்?"

"ஆமா."

"பதில் கிடைச்சுடுச்சு. அவர் செத்து அம்பத்திரண்டு வருஷம் ஆச்சு."

டொலோரிஸ் வந்து பார்த்தார். இடுப்பு உயரத்தில் ஒரு கல். மற்றவற்றைவிடப் பளபளப்பாக, அடிக்கடி துடைக்கப்பட்டதாக இருந்தது.

*பெர்த்து ஷ்வேரெப். 1944 – 1964. என்னைத் தேடிக் குதித்தவன். மேலே வரவில்லை. இதை வைத்தவன் நண்பன் ஸால்வு.*

அவர் இரண்டு தரம் படித்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க," என்றான் வென்சு.

"பெர்த்து இங்க வந்தது ஸால்வுவோட பேரைத் தேடி. ஸால்வு செத்துட்டான், தன்னாலதான் செத்தான்னு நினைச்சு ஓடிப்போனவர் இவர். தேடிப் பார்த்தா சுவர்ல ஸால்வு இல்ல, இவர் பேரு இருக்கு. கல்லை வச்சவனே ஸால்வு. செத்தவன் கல்லு வைப்பானா?"

"ரெண்டு பேரும் சாகலையா?"

"ரெண்டு பேருமே. ஒவ்வொருத்தனும் அடுத்தவன் செத்துட்டதா நினைச்சுட்டு இத்தனை வருஷம் இருந்திருக்கான். தொப்பியை ஏன் விட்டுட்டுப் போனார்னு இப்பத் தெரியுதா? ஓடியிருக்கார்."

வெளியே பக்கத்து மதுக்கடை வாசலில் ஒருவர் நாற்காலி போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். வென்சு அவர் தோளைத் தட்டினான்.

"மாமா, ஸால்வு எங்க இருப்பார்?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "எந்த ஸால்வு? இந்தத் தெருவுல ஒன்பது பேர் இருக்கான்."

"கல்லு வச்ச ஸால்வு."

"அவனா? படகுக் கொட்டகையில. என்னடா இன்னிக்கு எல்லாரும் அவனையே கேக்கறீங்க?"

டொலோரிஸ் அதற்குள் நடக்க ஆரம்பித்திருந்தார்.

*

பந்தயப் படகுகள் வைக்கிற கொட்டகை. வாசலில் ஒரு படகைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். அதன் மேல் இரண்டு கிழவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் தலை முதல் கால் வரை நனைந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு கண்ணாடி டம்ளரில் டீ. ஒருவர் அரைக்கால் சட்டையில், ஒல்லியாக. மற்றவர் கட்டையாக, தோள் அகலமாக, மூச்சு வாங்கிக்கொண்டு.

"மிஸ்டர் ஷ்வேரெப்?" டொலோரிஸ் சத்தமாகக் கேட்டார்.

அந்தப் பெயரைக் கேட்டதும் ஒல்லிக் கிழவர் டீயைச் சிந்தினார்.

"உங்க மனைவி என்னை அனுப்பினாங்க. ஏன் நனைஞ்சிருக்கீங்க?"

பதில் கட்டைக் கிழவரிடமிருந்து வந்தது. "நான்தான் தள்ளினேன். வந்து நின்னான், 'நான் பெர்த்து'ன்னான். கடல்ல தள்ளிட்டேன். அப்புறம் வயசு ஞாபகம் வந்துச்சு, நானும் குதிச்சேன்." அவர் டீயை உறிஞ்சினார். "நான்தான் ஸால்வு."

டொலோரிஸ் மேவிஸுக்குப் போன் போட்டார். "கிடைச்சுட்டார். உயிரோட இருக்கார். ஈரமா இருக்கார். நேனுன்னு ஒருத்தர் படகோட வருவார், அதுல ஏறுங்க. காலை நடுவுல வையுங்க." பிறகு போனை வைத்துவிட்டு இருவருக்கும் எதிரில் ஒரு கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்தார். வென்சு நேனுவைத் துரத்திவிட்டு வந்தான்.

"இப்ப சொல்லுங்க," என்றார் டொலோரிஸ்.

பெர்த்து சொன்னார். அந்தப் பழைய பேச்சு அவருக்கே வாயில் புதிதாக இருந்தது, வார்த்தை வார்த்தையாக நின்று நின்று வந்தது. அறுபத்து நாலாம் வருஷம், செப்டம்பர் பந்தயம். இரட்டைத் துடுப்புப் படகில் அவரும் ஸால்வுவும். ஒரு படகு நீளத்தில் தோற்றார்கள். சாயங்காலம் படகைத் திருப்பிக்கொண்டு வரும்போது நடுத் துறைமுகத்தில் வாய்ச்சண்டை. பெர்த்து துடுப்பை ஓங்கினார். அது ஸால்வுவின் தலையில் பட்டது. ஸால்வு விழுந்தார். மேலே வரவில்லை.

"நாலு தடவை குதிச்சேன். அடி வரைக்கும் போனேன். கிடைக்கல. கொன்னுட்டேன்னு தெரிஞ்சுது. எங்க மாமாவோட கூட்டாளி ஒரு சரக்குக் கப்பல்ல கரி அள்ளிட்டு இருந்தார். படகை அப்படியே விட்டுட்டு நீந்திப் போய் அதுல ஏறினேன். அன்னிக்கே கிளம்பிடுச்சு."

எல்லோரும் ஸால்வுவைப் பார்த்தார்கள்.

ஸால்வு தரையைப் பார்த்தார். "தலையில லேசாதான் பட்டுச்சு. மூழ்கி, பக்கத்துல கட்டியிருந்த தோணிக்கு அந்தப் பக்கம் போய் ஏறிட்டேன். கொஞ்சம் பயப்படட்டும்னு. இவன் என் பேரைச் சொல்லிக் கத்தறான், நான் வாயைப் பொத்திட்டுச் சிரிக்கறேன். குதிக்கற சத்தம் கேட்டுச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அஞ்சாவது கேக்கல. எட்டிப் பார்த்தேன். வெறும் படகு."

பெர்த்து காதருகே கையைக் குவித்துப் பிடித்தார்.

"உங்கம்மாகிட்ட உள்ளதைச் சொன்னேன்," என்றார் ஸால்வு, இப்போது பெர்த்துவின் காதருகே குனிந்து. "நான் சிரிச்சுட்டு இருந்ததையும் சொன்னேன். அடிப்பான்னு நினைச்சேன். ஞாயித்துக்கிழமை சாப்பிட வான்னா. சாகற வரைக்கும், பத்தொன்பது வருஷம், ஞாயித்துக்கிழமை தவறாம முயல் சமைச்சுப் போட்டா. உன் நாற்காலியிலதான் உட்காரணும்பா. ஒரு நாள்கூட வாய்க்கு ருசியா சாப்பிட்டதில்லடா நான்."

பெர்த்துவுக்கு எவ்வளவு கேட்டது என்று தெரியவில்லை. ஆனால் அவர் முகம் மெல்ல மெல்லக் கலைந்தது. ஈர முகத்தில் எது கடல், எது கண்ணீர் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

டொலோரிஸ் தொண்டையைச் செருமினார். அவருக்குத் தொழில் முறையில் ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. அவர் குரலை உயர்த்தினார். "துடுப்புப் போடறதுக்குத்தானே மோதிரத்தைக் கழட்டினீங்க?"

"துடுப்பா? இல்ல," என்றார் பெர்த்து. "ஸால்வு கல்லறையைப் பார்த்துட்டு நேரா போலீசுக்குப் போறதா இருந்தேன். நான்தான் கொன்னேன்னு சொல்ல. ஜெயில்ல எல்லாத்தையும் வாங்கிக்குவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். மேவிஸ்கிட்டயே இருக்கட்டும்னு வச்சுட்டு வந்தேன்."

"காது மெஷின்?"

"அது ரொம்ப விலை."

"அப்ப மூணும் தப்பு," என்றான் வென்சு, கவனமாக டொலோரிஸைப் பார்க்காமல். "அந்தம்மா சொன்னது தப்பு. நான் சொன்னது தப்பு. நீங்க சொன்னது ரெண்டு தடவை தப்பு."

"ஆளைக் கண்டுபிடிச்சேன்ல?"

"தப்பான வழியில சரியான இடத்துக்கு வந்துட்டோம். நான் வழிகாட்டியா இருந்தப்ப இதைத்தான் சொன்னேன், யாரும் ஒத்துக்கல."

*

நான்கு மணி வெடி அக்கரையில் கேட்டு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. நேனுவின் படகு கரையில் முட்டியது. மேவிஸ் யார் கையையும் பிடிக்காமல் இறங்கினார். கணவரை மேலும் கீழும் பார்த்தார். கைப்பையைத் திறந்து, காது மெஷினை எடுத்து, அவர் காதில் தானே மாட்டினார். இனி பேசுவதை அவர் முழுசாகக் கேட்க வேண்டும் என்பதுபோல் இருந்தது அது.

"ஜிப்ரால்டர்?"

"இல்ல."

"அனாதை?"

"இல்ல. அம்மா இருந்தாங்க."

"இந்தம்மா மறுபடியும் போன் பண்ணி மிச்சத்தைச் சொன்னாங்க. நான் உன்னைக் காட்டிக் குடுத்துடுவேன்னு நினைச்சியா?"

"உன்கிட்ட சொன்னா, நீ என்னைப் பார்க்கறப்ப எல்லாம் அவன் உனக்குத் தெரிவான். எனக்குத் தெரியறது போதும்னு நினைச்சேன்."

மேவிஸ் அதை மனதில் போட்டுப் பார்த்தார். ஏற்றுக்கொண்டதாகவும் தெரியவில்லை, தள்ளியதாகவும் தெரியவில்லை.

"அப்ப என் பேரு என்ன?"

"ஷ்வேரெப்."

"சுவர்ரப்."

"ஷ்வேரெப்."

"இதைக் கத்துக்கவே ஒரு வாரம் ஆகும்," என்றார் மேவிஸ். அப்போது அவர் போன் அடித்தது. கப்பல் அதிகாரி. மேவிஸ் கொஞ்ச நேரம் கேட்டார். "கண்டுபிடிச்சாச்சு. இல்ல, நாங்க வரல. எங்க பெட்டியைக் கரையில இறக்கிடுங்க. பேரா? இப்போதைக்கு ஷெர்வுட்னே எழுதிக்குங்க."

அவர் போனைப் பைக்குள் போட்டுவிட்டு ஸால்வுவிடம் திரும்பினார். "எதுக்காகச் சண்டை போட்டீங்க ரெண்டு பேரும்?"

டொலோரிஸ் மொழிபெயர்த்தார். ஸால்வு உடனே பெர்த்துவைக் கைகாட்டி ஒரு வாக்கியம் சொன்னார். பெர்த்து திரும்பினார். அவர் சொன்னது இரண்டு வாக்கியம், சத்தமாக. ஸால்வு டம்ளரைக் கீழே வைத்தார். பெர்த்து எழுந்து நின்றார். தயக்கமெல்லாம் போய்விட்டது. வார்த்தைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன, கையும் சேர்ந்து பேசியது.

மேவிஸ் வாயைத் திறந்தபடி நின்றார். "என்ன சொல்றார்?"

"மிதவையைச் சுத்தித் திரும்பறப்ப ஸால்வு ரெண்டு தடவை துடுப்பு வலிக்காம விட்டாராம். அதனாலதான் தோத்தாங்களாம்."

"அவர் என்ன சொல்றார்?"

"ரெண்டு இல்ல, ஒண்ணுதான்னு சொல்றார். அதுவும் உங்க கணவர் உட்கார்ந்த லட்சணத்தாலதானாம்."

அக்கரையிலிருந்து கப்பல் நீளமாகச் சங்கு ஊதியது. வென்சு மட்டும் திரும்பிப் பார்த்தான். வெள்ளைக் கப்பல் கரையிலிருந்து மெல்லப் பிரிந்தது. இரண்டு கிழவர்களும் சங்குக்கு மேலே குரலை உயர்த்தினார்கள்.

"நாற்பத்தாறு வருஷமா எங்க வீட்டுல ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினா அதிகம்," என்றார் மேவிஸ். கவிழ்த்துப் போட்டிருந்த படகின் மேல், கணவர் எழுந்த இடத்தில் உட்கார்ந்தார். "நிறுத்தாதீங்க. எல்லாத்தையும் சொல்லுங்க."

டொலோரிஸ் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் பெர்த்து கையை ஆட்டி எதையோ கத்தினார். நேனு தலையைக் குனிந்துகொண்டான். டொலோரிஸ் நிறுத்தினார்.

"அதுக்கு இங்கிலீஷ் கிடையாதுங்க."

"பரவாயில்ல," என்றார் மேவிஸ். "அப்படியே சொல்லுங்க. கத்துக்கறேன்."